சிமெண்ட் காயுறதுக்கு முன்னாடி: புது வீட்டுக்கு நெட், ஃபோன், டிவி லைன் போடுற வழி

காரைக்குடி சுத்துவட்டாரத்துல வீடு கட்டுறவங்ககிட்ட ஒண்ணு பாத்திருக்கேன். நிலைக்கதவுக்குப் பழைய பர்மா தேக்கு கிடைக்குமான்னு வீடு இடிக்கிற எடமெல்லாம் மாசக்கணக்குல அலைவாங்க, தரைக்குப் போடுற ஆத்தங்குடி கல்லுல பூ டிசைனா கட்ட டிசைனான்னு குடும்பமே உக்காந்து பேசும், ஆனா நெட் லைன் எங்க வருது, டிவி எந்தச் சுவத்துலன்னு கேட்டா "அதெல்லாம் கடைசில பாத்துக்கலாம் தம்பி, இப்பதான் எல்லாமே வைஃபை ஆச்சே"ம்பாங்க. கடைசின்னா எப்பன்னா, பால் காய்ச்சிக் குடிபோன அப்புறம். அப்ப நெட் கனெக்‌ஷன் குடுக்க ஒருத்தர் டிரில்லிங் மிஷினோட வந்து, புதுசா பெயிண்ட் அடிச்ச ஜன்னல் ஓரமா ஒரு ஓட்டை போட்டு, கறுப்பு வயரை ஆணி கிளிப் அடிச்சு ஹால் முழுக்கக் கொண்டுபோவார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு நாம வேற வழி வைக்கல.

நான் நெட், கேமரா வேலை பாக்கிறவன். புதுசா வீடு கட்டுறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், வயரைப் பத்தி அப்புறம் கவலைப்படுங்க, இப்ப பைப்பைப் போடுங்க. வயர் பழசானா உருவிட்டு வேற இழுத்துக்கலாம். பைப் இல்லைன்னா சுவத்தை உடைக்கணும், இல்லாட்டி தரையை உடைக்கணும், ஆத்தங்குடி கல்லை உடைச்சா அதே டிசைனைத் தேடி வாங்கினாலும் கலர் ஒத்துப்போகாது, கையால ஊத்திப் பண்ற கல்லு, ஒவ்வொரு தடவையும் ஒரு சாயல் மாறித்தான் வரும்.

வைஃபை இருக்கே எதுக்கு வயருன்னு கேக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வீட்டு வைஃபைல பொதுவா 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை இருக்கு, வேகமா இருக்கிறது 5, ஆனா அது சுவத்தைத் தாண்டுறதுல ரொம்ப சோம்பேறி. முகப்புல ரூட்டரை வச்சுட்டு, வளவை, அதாவது நடு முற்றத்தைத் தாண்டிப் பின்பக்கம் ரெண்டாம் கட்டுல உக்காந்து பேரனை வீடியோ கால்ல பாக்கணும்னா நடுவுல எத்தனை சுவர் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. கோட்டையூர் பக்கம் ஒரு ஆச்சி வீட்டுல இதான் நடந்துச்சு, மகன் சிங்கப்பூர்ல, "தம்பி, பய மூஞ்சி பாதில அப்படியே நின்னுபோகுது, குரல் மட்டும் வருது, எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்லிச்சு. அந்த வீட்டுக் கதையை கடைசில சொல்றேன்.

மொதல்ல பேப்பர்

வீட்டு பிளான் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கங்க, சிவப்புப் பேனாவால புள்ளி வைங்க. டிவி வர்ற எடம், பசங்க படிக்கிற மேஜை, வைஃபை பெட்டி தொங்க வேண்டிய சீலிங், வெளில கேமரா வர்ற மூலை, வாசக்கதவுகிட்ட காலிங்பெல் கேமரா. டிவிக்குப் பின்னாடி ரெண்டு நெட் பாயிண்ட்டும் ஒரு கோஆக்ஸ் (டிவி கேபிள்) பாயிண்ட்டும் வைங்க, நெட்டுல ஒண்ணு டிவிக்கு, ஒண்ணு செட்டாப் பாக்ஸுக்கோ கேம் மிஷினுக்கோ. பெட்ரூமுக்கு ஒண்ணு போதும், படிக்கிற மேஜைக்கு ரெண்டு. கீழ மேல சேத்து மூணு பெட்ரூம் வீட்டுக்கு எண்ணிப் பாத்தா பதினாறு கேபிளுக்குப் பக்கமா வரும், ஒண்ணுக்கு சராசரி 18 மீட்டர்னா 288 மீட்டர், கேபிள் பெட்டி ஒண்ணு 305 மீட்டர், சரியா இருக்கும். பின்கட்டு நீளமா போற வீடுன்னா ரெண்டாவது பெட்டி வாங்கவேண்டி வரும்.

இந்தப் புள்ளி எல்லாத்துல இருந்தும் கோடு போய்ச் சேர வேண்டிய ஒரே எடம் ஒண்ணு வேணும். ரூட்டரும், எல்லா நெட் கேபிளையும் சொருகுற நெட் சுவிட்ச்சும் உக்கார்ற எடம், அதை நான் நடுப்பெட்டின்னு சொல்லுவேன். ஒரு பாயிண்ட்டுல இருந்து இன்னொரு பாயிண்ட்டுக்கு கரண்ட் வயர் மாதிரி தொடுத்துத் தொடுத்துக் கொண்டுபோறது இங்க ஆகாது, ஒவ்வொரு கேபிளும் தனியா, நடுவுல ஒட்டுப்போடாம நடுப்பெட்டிக்கு வரணும். இதைப் பழைய எலக்ட்ரீசியன் அண்ணன்மாருக்கு ரெண்டு தடவையாவது சொல்லணும், "ஒரே லைனைக் கொண்டுபோய் அங்கங்க பிரிச்சுக்கலாம்ணே"ன்னுதான் ஆரம்பிப்பாங்க.

நடுப்பெட்டி எங்க வைக்கலாம்னா, மாடிப்படிக்குக் கீழ நல்ல எடம், காத்து வரணும், தண்ணிக் குழாய் பக்கத்துல இருக்கக் கூடாது. மேற்குப் பாத்த சுவத்துல வேணாம், நம்ம ஊர் சித்திரை வைகாசி வெயிலுக்குச் சாயங்காலம் அந்தச் சுவர் தோசைக்கல் மாதிரி இருக்கும், பெட்டிக்குள்ள ஏற்கனவே சூடு. இரும்பு பீரோவுக்குள்ள ரூட்டரை வச்சுட்டு சிக்னல் வரலன்னு என்னைக் கூப்பிட்டவங்களும் உண்டு. பெட்டிகிட்ட நாலு பிளக் பாயிண்ட் வைங்க, அந்த நாலும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கணும், கரண்ட் போனா ஃபேன் ஓடும் நெட் போயிடும்னா என்ன பிரயோஜனம்.

தளம் போடுறதுக்கு முந்தின நாள்

இங்கதான் காரியமே கெடுது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கம்பி கட்டி முடிச்சு கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி எலக்ட்ரீசியன் வந்து ஃபேன் பாக்ஸும் பைப்பும் படுக்க வைப்பார். அந்த நேரத்துலயே நெட் பைப்பும் படுக்கணும். கரண்டுக்கு என்ன சைஸ் போட்டாலும் சரி, நெட்டுக்கு 25 மில்லி பைப் கேளுங்க, அதாவது ஒரு இஞ்சு. கேட்6ங்கிற நெட் கேபிள் ஒண்ணு 6 மில்லி கனம் வரும், ஒரு இஞ்சு பைப்ல நாலுக்கு மேல திணிக்காதீங்க, பாக்க எடம் இருக்கிற மாதிரிதான் இருக்கும், வளைவுல இறுக்கிப் பிடிச்சுக்கும். வளைவுக்கு எல்போ (சட்டுனு திரும்புற முழங்கை ஜாயிண்ட்) போடவே கூடாது, நீட்டு பெண்டுதான், ரெண்டு பெண்டுக்கு மேல வந்தா நடுவுல ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வச்சிருங்க.

வளவைச் சுத்தி நாட்டு ஓடு போட்டுத் தூண் நிறுத்திப் பழைய மாதிரி கட்டுறவங்க கவனிங்க, அங்க தளமே இல்லை, மேல வழியா பைப் போகாது. முகப்புல இருந்து பின்கட்டுக்குப் போக சுவத்துல பைப்புக்காக வெட்டுற காடி வழியாத்தான் வழி, அதை இப்பவே யோசிக்கணும், ஓடு ஏறினப்புறம் யோசிச்சா கேபிள் வளவு நடுவுல துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்கும்.

இப்ப என் சொந்தக் கதை. என் வீட்டு மாடித் தளம் போட்டப்ப எல்லாப் பைப்பையும் நானே நின்னு படுக்க வச்சேன், கம்பியோட கட்டுக்கம்பி போட்டுக் கட்டினேன், ஜாயிண்ட்டுக்கெல்லாம் சொல்யூஷன் தடவினேன். ஒரே ஒரு பைப்போட வாயை அடைக்க மறந்துட்டேன். மறுநாள் கான்கிரீட் வந்துச்சு, வைப்ரேட்டர் விட்டாங்க, சிமெண்ட் பால் சத்தமே இல்லாம உள்ள இறங்கிடுச்சு. மூணு மாசம் கழிச்சு வயர் இழுக்கிற ஸ்பிரிங் விடுறேன், பதினோரு அடி போகுது, டக்குனு நிக்குது. அடுத்த முனையில இருந்து விட்டா ஆறு அடி. நடுவுல கல்லு. சுத்தியால தளத்தைக் கீழ இருந்து தட்டிப் பாத்தோம், கொத்தனார் "உடைச்சா கம்பி வெளில தெரியும், விட்ருங்க"ன்னுட்டார். ஊரெல்லாம் வயர் வெளில தெரியாம கன்சீல்டா வேலை பாக்கிறவன் வீட்டு ஹால் சீலிங்ல இன்னிக்கு வெள்ளைக் கேசிங் பட்டை ஓடுது, வர்ற விருந்தாளி எல்லாம் அண்ணாந்து பாக்கிறாங்க.

அதனால ஒவ்வொரு பைப் வாய்லயும் மூடி போடுங்க, இல்லைன்னா சிமெண்ட் சாக்கைக் கிழிச்சு உருட்டித் திணிச்சு டேப் சுத்துங்க. கான்கிரீட் அன்னிக்கு ஒரு ஆள் மேல நிக்கணும், சித்தாளுங்க சட்டி தூக்கிட்டு நடக்கிறப்ப பைப் மிதிபட்டு ஜாயிண்ட் விலகும், விலகினது உடனே தெரிஞ்சா ரெண்டு நிமிஷ வேலை. கான்கிரீட் போட்ட மறுநாளே ஸ்பிரிங் விட்டுப் பாத்து, வழி சரியா இருந்தா ஒரு நைலான் கயிறை உள்ள விட்டே வச்சிருங்க.

ரெண்டு காலிப் பைப் சும்மா போட்டு வைங்க. ஒண்ணு மொட்டைமாடியில இருந்து நடுப்பெட்டிக்கு, ஒண்ணு தெருச்சுவத்துல இருந்து நடுப்பெட்டிக்கு. தெருப்பக்கம் இருக்கிறதுதான் ஃபைபர் வர்ற வழி. ஃபைபருக்குள்ள இருக்கிறது கண்ணாடி இழை, கரண்ட் வயர் மாதிரி மடிச்சு ஆணி அடிக்க முடியாது, 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறைவான வட்டத்துல மடக்காம இருந்தா நல்லது. வெளில பைப் வாய் கீழ பாத்து இருக்கணும், இல்லாட்டி ஐப்பசி மழைத் தண்ணி நேரா ரூட்டருக்கு வரும்.

பூச்சு வேலைக்கு முன்னாடி

சுவத்துல காடி எடுத்து மெட்டல் பாக்ஸ் பதிக்கிற நேரம். கரண்ட் பைப்புல நெட் கேபிளைச் சேத்து விடவே கூடாது, "ரெண்டும் வயருதானே"ன்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, நெட் தடுமாறுறது ஒரு பக்கம், எங்கயாவது இன்சுலேஷன் போனா 230 வோல்ட் நேரா உங்க கம்ப்யூட்டருக்கு வரும். ரெண்டு பைப்பும் ஒரே சுவத்துல பக்கத்துல பக்கத்துல ஓடினா ஒரு அடி எடைவெளி விடுங்க, குறுக்க வெட்டிப் போகணும்னா நேர் குறுக்கா போகட்டும், சாய்வா வேணாம்.

பாயிண்ட் உயரம் தரையில இருந்து ஒண்ணரை அடி வைங்க. பிளான்ல ஒரு அடின்னு போட்டிருப்பாங்க, ஆனா நம்ம வீடுகள்ல விசேஷத்துக்கு முந்தின நாள் வாளி வாளியா தண்ணி ஊத்தித்தான் கழுவுவாங்க, அது தெறிக்கிற உயரம் எனக்குத் தெரியும். சுவத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு, அந்தக் காலத்து முட்டை வெள்ளை மாதிரி பளபளப்பு வேணும்கிறவங்க காடி வேலையை முழுசா முடிச்சுட்டுத்தான் அந்த ஆளைக் கூப்பிடணும், அப்புறம் ஒரு இஞ்சு வெட்டி ஒட்டுப்போட்டாலும் அது தேமல் மாதிரி தனியா தெரியும்.

டிவி சுவத்துக்கு ஒரு தனிச் சமாச்சாரம். டிவி முதுகுல இருந்து கீழ ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு இஞ்சு பைப் ஒண்ணு நேரா இறக்குங்க. ஹெச்டிஎம்ஐ கேபிளோட தலை ஒரு இஞ்சு பைப்ல போகாது, போனாலும் பெண்டுல மாட்டிக்கும். இதை மட்டும் செஞ்சுட்டா டிவிக்குக் கீழ தொங்குற வயர்ச் சடை இருக்காது.

எல்லாப் பைப்பும் பாக்ஸும் வச்ச அப்புறம், பூசுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு சுவத்தையும் டேப் பிடிச்சு ஃபோட்டோ எடுத்து வைங்க, டேப்ல இருக்கிற நம்பர் படத்துல தெரியணும். நாளைக்குப் படம் மாட்ட ஆணி அடிக்கிறவருக்கு உதவும்.

கேபிள் வாங்குறப்ப

கேட்6 போதும். 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ் வேகத்தைக் கொண்டுபோகும், 55 மீட்டருக்குள்ளன்னா 10 வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல் ரகமான கேட்6ஏ கனமா இருக்கும், வளைக்கிறது கஷ்டம், வீட்டுக்குத் தேவையே இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

ஏமாறுற எடம் வேற. பாதி விலைக்கு ஒரு பெட்டி காட்டுவாங்க, மேல கேட்6ன்னு அச்சடிச்சே இருக்கும், உள்ள அலுமினியக் கம்பிக்கு மேல செம்பு முலாம் பூசினது. கடைலயே ஒரு துண்டு வெட்டச் சொல்லுங்க, தோலை உரிச்சு ஒரு கம்பியை பிளேடால சுரண்டுங்க, சுரண்டின எடம் வெள்ளையா பளிச்சுன்னா பெட்டியைத் திருப்பிக் குடுத்துடுங்க. உள்ளயும் செம்பு நிறமா இருக்கணும். பெட்டியைத் தூக்கிப் பாத்தாலே வித்தியாசம் தெரியும், அலுமினியம் காத்து மாதிரி இருக்கும். கேமராவுக்கும் சீலிங் வைஃபை பெட்டிக்கும் இதே கேபிள் வழியாத்தான் கரண்ட்டும் போகும், பிஓஇன்னு சொல்லுவோம், 48 வோல்ட்டுக்குப் பக்கத்துல ஓடும், அலுமினியக் கம்பில அது சூடாகும், முனையில உடையும், ரெண்டு வருஷம் கழிச்சு ராத்திரில மட்டும் கேமரா போகும், காரணமே பிடிபடாது.

டிவிக்கு ஆர்ஜி6 கோஆக்ஸ். லோக்கல் கேபிள் டிவியோ அரசு கேபிளோ வச்சிருந்தா ஒரு லைன் உள்ள வந்து ஸ்பிளிட்டர் போட்டுப் பிரிச்சுக்கலாம். டிஷ் ஆண்டெனான்னா கதை வேற, ஒவ்வொரு செட்டாப் பாக்ஸுக்கும் மொட்டைமாடி டிஷ்ல இருந்து தனித்தனி கேபிள் வேணும், ஏன்னா பாக்ஸ் 13 வோல்ட்டோ 18 வோல்ட்டோ மேல அனுப்பித்தான் டிஷ் தலையில எந்த சிக்னல் வேணும்னு சொல்லுது, ஒரே கேபிள்ல ரெண்டு பாக்ஸ் ஆளுக்கொண்ணு சொன்னா ரெண்டும் சண்டை போடும். மூணு டிவி வரும்னா மூணு கோஆக்ஸ் மாடிக்கு ஏத்திருங்க. டிஷ் எந்தக் கம்பெனியா இருந்தாலும் நம்ம ஊர்ல இருந்து கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவுல இருக்கிற வானம்தான் பாக்கும், அந்தப் பக்கம் தென்னை வைக்காதீங்க, வச்சா பத்து வருஷத்துல டிவி மழைக்கு முன்னாடியே போகும்.

ஃபோனுக்குத் தனி வயர் வேணாம். இப்ப லேண்ட்லைனே பெரும்பாலும் ஃபைபர் பெட்டில இருந்துதான் வருது. இருந்தாலும் பெரிய வீட்டுல மாடிக்கும் அடுப்படிக்கும் ஃபோன் வேணும்பாங்க, கத்திக் கூப்பிட முடியலைன்னு இன்டர்காமும் கேப்பாங்க. எல்லாத்துக்கும் கேட்6யே இழுத்து வச்சா போதும், ஃபோனோட சின்ன பிளக் நெட் சாக்கெட்ல நடுவுல உக்காந்துக்கும், கேபிளுக்குள்ள இருக்கிற ஜோடிக் கம்பிகள்ல நீல ஜோடியில பேசும். ஃபோன் லைன் கேபிளை மட்டும் நெட் சுவிட்ச்சுல சொருகிடாதீங்க, மணி அடிக்கிறப்ப வர்ற வோல்டேஜுக்கு அந்த போர்ட் போயிடும்.

இழுக்கிறது, மாட்டுறது

பூச்சு காஞ்சு, பெயிண்ட் கடைசி கோட்டுக்கு முன்னாடி கேபிள் இழுங்க. ஒரு ஆள் தள்ளணும், ஒரு ஆள் இழுக்கணும், வரலைன்னா காலை ஊனி இழுக்காதீங்க, உள்ள ஜோடி முறுக்கு விலகிப்போகும், திரும்ப உருவிட்டு மறுபடி விடுங்க. பாயிண்ட் பக்கம் ஒரு அடி, நடுப்பெட்டிப் பக்கம் ரெண்டு மீட்டர் மிச்சம் விட்டு வெட்டுங்க. கேபிளோட ரெண்டு முனையிலயும் ஒரே நம்பர் எழுதி டேப் ஒட்டுங்க, வெட்டுறதுக்கு முன்னாடியே, ஏன்னா பதினாறு சாம்பல் கலர் கேபிள் ஒண்ணா தொங்கினா பெத்தவனுக்கே அடையாளம் தெரியாது.

சாக்கெட்டுல மாட்டுற கலர் வரிசை இதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். டி568பின்னு சொல்லுவாங்க. வீடு முழுக்க ரெண்டு முனையிலயும் இதே வரிசை. முறுக்கை அரை இஞ்சுக்கு மேல பிரிக்காதீங்க. ஒரு கேபிள் டெஸ்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் லைட் வரிசையா ஓடணும், ஓடலைன்னா அந்த முனையை வெட்டிட்டு மறுபடி அடிங்க. பெயிண்டர் வர்றதுக்கு முன்னாடி சாக்கெட் வாய்ல டேப் ஒட்டலைன்னா உள்ள பெயிண்ட் போயிருக்கும், சொல்லலைன்னு சொல்லாதீங்க.

இடியைப் பத்தி. கேட்டு கேமரா, மாட்டுக்கொட்டகை, தோட்டத்து ரூம்னு வீட்டை விட்டு வெளில போற கேபிள் செம்பா இருந்தா இடி மழைக்கு நடுப்பெட்டி மொத்தமும் போக வாய்ப்பு இருக்கு. தூரமா இருந்தா ஃபைபர் போட்டுருங்க, பக்கம்னா சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு ஏறுற வோல்டேஜைத் தடுக்கிறது) வச்சு எர்த் குடுங்க. நம்ம செம்மண், செம்புறாங்கல் பூமி கோடையில காஞ்சு கெடக்கும், எர்த் குழிக்குக் கரி, உப்பு போட்டா மட்டும் பத்தாது, அப்பப்ப தண்ணி ஊத்தணும்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவங்களுக்குச் சுருக்கமா ஒண்ணு: அந்தச் சுவத்துல காடி எடுக்காதீங்க. பழைய மரப் பேட்டன் வயரிங் ஓடின வழி இருக்கும், அதே வழில புதுசா ஒரு மரப் பட்டை அடிச்சு, மேல பட்டை மூடி போட்டுக் கொண்டுபோங்க, தேக்கு உத்தரத்தோட கலந்துடும்.

ஆச்சி வீட்டுக்கு வர்றேன். முகப்பு, வளவு, பின்கட்டுன்னு மூணு சீலிங் வைஃபை, கேமரா அஞ்சு, எல்லாம் மாடிப்படிக்குக் கீழ ஒரே பெட்டி. கதவுக்கு உள்பக்கம் ஒட்ட லேப்டாப்ல லிஸ்ட் அடிச்சுக் குடுத்தேன், கேமரா 1, கேமரா 2ன்னு. ஆச்சி பாத்துட்டு, "இதை நான் எப்படிப்பா படிக்கிறது, எடத்தோட பேரை எழுது"ன்னுச்சு. கோலவாசல், திண்ணை, கிணத்தடி, புளியமரம், பின்வாசல்னு கையால எழுதி ஒட்டினேன். போன கார்த்திகையில ஃபோன் வந்துச்சு, "தம்பி, புளியமரத்துல பச்சை லைட் எரியல". போய்ப் பாத்தா பைப் முடிஞ்சு கேமரா தொடங்குற எடத்துல நாலு விரல் கேபிள் வெளில தெரிஞ்சிருக்கு, அணில் கடிச்சு வச்சிருக்கு. ஒரு முழம் ஃப்ளெக்சிபிள் பைப் வாங்கிக் கேமரா அடி வரைக்கும் மாட்டிட்டு வந்தேன்.